முதல் வரியில் மலை

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எங்கேயோ, பனி கொட்டுகிற தேசத்திலிருந்து வந்த ஒரு கும்பல் கூடாரம் அடித்து உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்தபடியே கள்ளக்குறிச்சியில் உள்ள எங்கள் மண்டியின் கம்ப்யூட்டரைக் கைப்பற்றிவிட்டது என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மனசார நம்பினேன். அந்த நம்பிக்கையோடு இட்லி சாப்பிட்டேன். அந்த நம்பிக்கையோடு குளித்தேன். குளிக்கும்போது செல்போனைக் குளியலறைக்கு வெளியே, திரையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன். அதன் கேமரா வழியாக என்னைப் பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று அப்போது யோசிக்கவில்லை. என் உடம்பைப் பார்த்தால் கும்பல்தான் பயந்திருக்கும்.

எங்கள் மண்டி மரவள்ளிக் கிழங்கும் புளியும் கடுக்காயும் வாங்கி லோடு லோடாக அனுப்புகிற மண்டி. அங்கே நான் 'கம்ப்யூட்டர்காரர்'. ஒரு காலத்தில் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தவன். பிள்ளைகள் எல்லாம் போனிலேயே பிறந்து போனிலேயே வளர ஆரம்பித்ததும் சென்டரை மூடிவிட்டு மண்டிக்கு வந்துவிட்டேன். எடை போடுவது, ஸ்லிப் அடிப்பது, எந்தக் கிளையில் எவ்வளவு சரக்கு வந்தது என்று பார்ப்பது எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில். அதற்கு சர்வர் என்று பெயர். உண்மையில் அது என் பழைய சென்டரில் கடைசி வரிசையில் இருந்த பெட்டி. சாமி படத்துக்குக் கீழே வைத்து, நெற்றியில் சந்தனம் வைத்ததும் சர்வர் ஆகிவிட்டது. அதில் ஓடுவது லினக்ஸ். லினக்ஸின் பெருமைகளை முதலாளியிடம் நான் வரிசையாக அடுக்கியபோது, 'இலவசம்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அதற்கு மேல் அவருக்கு ஒரு பெருமையும் தேவைப்படவில்லை.

தியாகதுருகம், மணலூர்பேட்டை, வெள்ளிமலை என்று மூன்று இடத்தில் எங்களுக்குக் கொள்முதல் மையம் உண்டு. அங்கே இருப்பவர்கள் நெட் வழியாக இந்த சர்வருக்குள் நுழைந்து, நான் செய்து வைத்திருக்கிற மெனுவில் எடையைப் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு யூசர் பெயர். ஊரின் பெயரையே வைத்துவிட்டேன். வெள்ளிமலைக்கு மட்டும் சுருக்கமாக 'மலை'.

கிழங்கு வெட்டு சூடு பிடித்த சமயம். சர்வர் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. முழுசாகச் செத்தாலாவது மாலை போட்டுத் தூக்கிப் போடலாம். இது அப்படி இல்லை. அரை மணி நேரம் ஜம்மென்று ஓடும். பிறகு திடீரென்று உறைந்துவிடும். ஸ்லிப் வராது. எடை மேடையில் ஏறிய லாரி இறங்க முடியாது. பின்னால் நிற்கிற லாரி ஹாரன் அடிக்கும். அதற்குப் பின்னால் நிற்கிறவர் இறங்கி வந்து நேராகத் திட்டுவார். பிறகு அதுவாகவே முழித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி ஸ்லிப்பைத் துப்பும்.

"இன்னாய்யா, உன் பொட்டிக்கு மயக்கம் போட்டுப் போட்டுத் தெளியுது? மசக்கையா?" என்றார் முதலாளி.

"பாத்துக்கினு இருக்கேன் மொதலாளி."

"நீ பாத்துக்கினே இரு. லாரிக்காரன் என்னியப் பாத்துக்கினு இருக்கான்."

சர்வரை யார் இப்படிப் பிழிகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு லினக்ஸிலேயே ஒரு வசதி இருக்கிறது. சர்வருக்குள் யார் எந்தக் கட்டளையை ஓட்டினாலும், அது முடிந்ததும், யார் ஓட்டினார், எது ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது, மூளையை எவ்வளவு தின்றது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். முடிந்ததும் என்பது முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும்வரை வாயே திறக்காது. ஆள் உயிரோடு இருக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, போன பிறகு சாவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து அவர் என்னென்ன செய்தார் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பேசுகிற நம் ஆட்கள் மாதிரிதான் அதுவும்.

அப்படி எழுதியதைப் படிக்க இரண்டு மூன்று கருவிகள் இருக்கின்றன. 'லாஸ்ட்காம்' என்று அடித்தால் ஒவ்வொரு கட்டளையாக, கடைசியில் நடந்ததிலிருந்து பின்னோக்கிக் காட்டும். 'எஸ்ஏ' என்று இரண்டே எழுத்து அடித்தால் எல்லாவற்றையும் கூட்டிச் சுருக்கிக் கொடுத்துவிடும். அதிலேயே ஆள்வாரியாகவும் கேட்கலாம்: இந்த யூசர் இத்தனை கட்டளை, இவ்வளவு நேரம். 'ஏசி' என்று ஒன்று, யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள் என்று மணிக்கணக்கு சொல்லும். இதையெல்லாம் ஒரு மத்தியானம் படித்து, நிறுவி, சுவிட்சைப் போட்டுவிட்டு, உளவுத்துறையில் சேர்ந்துவிட்ட மாதிரி காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம், சர்வர் இரண்டு முறை மயங்கித் தெளிந்த பிறகு, சுருக்கத்தை எடுத்தேன். முதல் வரியில் 'மலை'.

தியாகதுருகமும் மணலூர்பேட்டையும் கீழே எங்கேயோ சின்ன எண்களோடு பதவிசாக உட்கார்ந்திருந்தன. மலையின் எண் மட்டும் இடமிருந்து வலமாக நீண்டுகொண்டே போனது. அவ்வளவு கட்டளைகளை ஒரு மனிதர் தன் ஆயுளில் அடிக்க முடியாது. விரல் தேய்ந்து முழங்கைக்கு வந்துவிடும்.

அடுத்து மணிக்கணக்கைப் பார்த்தேன். மலை முந்தின நாள் காலையில் உள்ளே நுழைந்தது. சாயங்காலம்தான் வெளியே வந்தது. நடுவில் வெட்டே இல்லை. டீ குடிக்கவில்லை, சாப்பிடவில்லை, ஒண்ணுக்குப் போகவில்லை. ஆக, ஒரு ஆள் இல்லை. ஷிப்டு போட்டு வேலை செய்கிறார்கள்!

அடுத்து லாஸ்ட்காம். தேதியைக் காட்டு, திரையைத் துடை, விலைப் பட்டியலைக் காட்டு, எல்லாக் கிளைச் சரக்கையும் தேடிக் கூட்டு. திரும்பவும் தேதியைக் காட்டு, திரையைத் துடை. பக்கம் பக்கமாக இதுவே. புத்தி இருக்கிறவன் இதைப் பார்த்தால், 'இது எங்கள் மெனுவில் வழக்கமாக ஓடுவதுதானே' என்று நினைப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எவ்வளவு தந்திரக்காரர்கள், பார்த்தால் சந்தேகமே வராத கட்டளைகளாகப் பார்த்து ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சந்தேகமே வராததுதான் என் சந்தேகத்துக்கு ஆதாரம். இப்படிப்பட்ட மூளையை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அதன் உழைப்பைத் திருடி, டிஜிட்டல் நாணயம் தோண்டுகிற கும்பல்கள் உண்டு என்று எப்போதோ வாசித்திருந்தேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. கும்பல் மலையில் இருக்கிறது. மையத்தில் வேலை செய்கிற பெண்ணைக் கட்டிப் போட்டுவிட்டு அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ பெரிய பெரிய வங்கிகள் இருக்க, கிழங்கு மண்டியின் சந்தனம் வைத்த பெட்டியை எதற்காக ஒருவன் இவ்வளவு தூரம் வந்து தோண்ட வேண்டும் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. நம்ம சர்வரையும் மதித்து வந்திருக்கிறார்களே!

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்றது. மலையில் எந்நேரமும் அப்படித்தான் சொல்லும். அன்றைக்கு மட்டும் எனக்கு அது கட்டிப் போட்ட சத்தமாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் செல்போன் கேமரா மேல் பேண்டேஜ் ஒட்டினேன். டிவியின் நெட் வயரைப் பிடுங்கினேன். மனைவி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு சீரியல் நின்னு போச்சு?"

"நம்மள யாரோ பாக்கறாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாக்கறவங்க கிட்ட சொல்லுங்க, அந்தப் பனியன தொவைக்கப் போட்டுட்டு வர்றேன்னு." வயரை எடுத்துத் தானே சொருகிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் நான் செய்ததுதான் இதில் சிரிக்க முடியாத பகுதி. சுருக்கத்தை பிரிண்ட் எடுத்து முதலாளியின் மேசையில் வைத்தேன். கும்பல், நாணயம், கூடாரம் எல்லாவற்றையும் கை காலை ஆட்டிச் சொன்னேன். அவர் பாதியிலேயே காதை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து காகிதத்தைப் பார்த்தார்.

"இதுல மொத லைன்ல இன்னா போட்டுருக்குது?"

"மலைன்னு."

"மலைல யாரு இருக்கறது?"

"நம்ம சென்டர் பொண்ணுதான். ஆனா அவங்க இல்லீங்க, கும்பல்..."

"யோவ், கும்பலு கிம்பலு எல்லாம் எனக்குத் தெரியாது. பேரு போட்டுருக்குதா இல்லியா? அந்தப் பொண்ணு இன்னாமோ கேம் ஆடிக்கினு கெடக்குது. நாளைக்கு லோடு ஏத்த வண்டி மேல போவுதில்ல, அதுலயே தராசு, கம்ப்யூட்டரு எல்லாத்தையும் ஏத்தினு வரச் சொல்லிடறேன். சென்டர மூடு. வேணுங்கறவன் கெழங்க கீழ எடுத்தாந்து போடட்டும்."

அந்த மையத்தைத் திறந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்து ஆட்கள் நாலு மூட்டைக் கிழங்கை விற்க வண்டிக்காரரின் கையைக் காலைப் பிடித்துக் கச்சிராயபாளையம் வரைக்கும் இறக்கிக்கொண்டு வர வேண்டும். இப்போது தலைச்சுமையாகவே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். மையத்தில் இருக்கிற பெண் அந்த ஊர்க்காரர். கல்லூரி முடித்துவிட்டு, கீழே எங்கேயோ துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்து, கால் வீங்கி, இந்த வேலை கிடைத்ததும் சொந்த ஊருக்குத் திரும்பியவர். நாளை வண்டி மேலே போனால் அவர் வேலை போய்விடும். அதைப் போக வைத்த காகிதம் நான் அடித்தது.

"மொதலாளி, ஒரே ஒரு நாள். நானே போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"நாளைக்கு வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள பாரு. வண்டி நிக்காது."

மறுநாள் காலை வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். மடியில் ஒரு பை. அதில் டார்ச் லைட், மிளகாய்ப் பொடிப் பொட்டலம், அந்த பிரிண்ட். மிளகாய்ப் பொடி கும்பலுக்கு. டார்ச் எதற்கென்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை; காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறவன்.

கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவில் வயிறு இடப்பக்கமும் இட்லி வலப்பக்கமும் போனது. கண்ணை எதன் மீதாவது நிலைநிறுத்தினால் குமட்டாது என்று பையிலிருந்து அந்த பிரிண்டை எடுத்தேன். அப்போதுதான் அதை முதல் முறையாக முழுசாகப் படித்தேன். அதுவரை நான் பார்த்தது ஒரே ஒரு எண், எத்தனை கட்டளை என்பது. அதற்குப் பக்கத்திலேயே, இவ்வளவு நாளும் பொறுமையாக, 'மூளையை எவ்வளவு தின்றது' என்ற எண்ணும் இருந்தது.

மலை ஓட்டிய கட்டளை ஏராளம். ஆனால் ஒவ்வொன்றும் தின்றது ஒரு பருக்கை. கொட்டாவி விடுகிற நேரம்கூடக் கிடையாது. நாணயம் தோண்டுகிற கும்பல் அப்படிச் செய்யாது. அது ஒரே கட்டளையை உள்ளே விட்டு, அதை நாள் முழுக்க மாடு மாதிரி உழ வைக்கும். கட்டளை எண்ணிக்கை சின்னதாக இருக்கும், தின்றது மலையளவு இருக்கும். இங்கே நேர் எதிர். பந்தியில் ஒருவன் அண்டாவைக் கவிழ்த்துக் குடிக்கவில்லை. எறும்புக் கூட்டம் ஆளுக்கு ஒரு பருக்கையாக எடுத்துப் போயிருக்கிறது. அந்தக் கூட்டம் உள்ளே வரும்போதெல்லாம் நம் கிழட்டுப் பெட்டி எழுந்து எழுந்து கதவு திறந்தே களைத்து விழுந்திருக்கிறது.

கும்பல் இல்லை! பஸ்ஸிலேயே எழுந்து ஆடியிருப்பேன், அடுத்த வளைவு வந்து உட்கார வைத்துவிட்டது. உட்கார்ந்ததும்தான் உறைத்தது. கும்பல் இல்லை என்றால் இதைச் செய்வது யார்? மையத்தில் இருப்பது அந்தப் பெண் ஒருவர்தான். முதலாளி சொன்னதுதான் சரியோ? கும்பலுக்குப் பயந்து வந்தவன், இப்போது கும்பல் இல்லாமல் போனதற்குப் பயந்தேன். அதற்குப் பிறகு வந்த வளைவுகள் எதுவும் ஞாபகம் இல்லை.

வெள்ளிமலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் மையம். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, முன்னால் தகரக் கொட்டகை, ஓரத்தில் ஒரு பலா மரம். கொட்டகையில் யாரும் இல்லை. பின்பக்கம் எங்கேயோ பேச்சுச் சத்தம். அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

நாற்காலி காலி. ஆனால் கம்ப்யூட்டர் திரை ஓடிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரையில் எழுத்துகள் மேலே மேலே ஏறுகின்றன. திரை துடைக்கப்படுகிறது, தேதி வருகிறது, விலை வருகிறது, திரும்பவும் துடைக்கப்படுகிறது. அறைக்குள் ஒரு ஈ காக்கை இல்லை. பேய் பிடித்தது மாதிரி அது தானாகவே கட்டளை போட்டுக்கொண்டு, தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதை அதட்டல் என்றுதான் சொல்லுவேன். பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள் 'ஆட்டுக்குட்டிய எதுவோ கவ்விடுச்சுன்னு நெனச்சோம்' என்றார்கள்.

முதலில் வந்தது அந்தப் பெண்தான். கையில் கிழங்கு மண். பின்னால் மூட்டை கொண்டுவந்த நாலைந்து பேர்.

"அண்ணா! நீங்களா? இன்னாண்ணா ஆச்சு, பாம்பா?"

நான் திரையைக் காட்டினேன். ஒரு கையில் மிளகாய்ப் பொடிப் பொட்டலம் வேறு.

"அதுவா? அது ஓடிக்கினு இருக்குது" என்றார், சோறு வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி.

"யாரும்மா ஓட்றாங்க?"

"கல்லு."

கீபோர்டைப் பார்த்தேன். என்டர் பட்டன் மேல் ஒரு இரும்பு எடைக்கல் உட்கார்ந்திருந்தது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு வேலை இல்லாமல் மூலையில் கிடந்த பழைய எடைக்கற்களில் ஒன்று. இருநூறு கிராம்.

"மொதல்ல அரைக் கிலோ வெச்சேங்கண்ணா. பட்டன் உள்ளயே போயிடுச்சு. நூறு வெச்சா அமுங்க மாட்டேங்குது. இருநூறுதான் பதமா இருக்குது."

பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பலா மரத்தைக் காட்டினார். உச்சியில், பலாப் பிஞ்சுகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு செல்போன் கயிற்றில் தொங்கியது. மையத்தில் சிக்னல் கிடைப்பது அந்த உயரத்தில் மட்டும்தான். அங்கிருந்து ஹாட்ஸ்பாட் கீழே வருகிறது, அதைப் பிடித்துத்தான் கம்ப்யூட்டர் எங்கள் சர்வருக்குப் போகிறது. ஆனால் கொஞ்ச நேரம் இங்கே எதையும் தட்டாமல் இருந்தால் அந்தப் போனின் ஹாட்ஸ்பாட் தூங்கிவிடும். உடனே கயிற்றை அவிழ்த்து, போனை இறக்கி, எழுப்பி, திரும்ப ஏற்ற வேண்டும். கயிறு கிளையில் சிக்கினால் தொரட்டி கொண்டுவர வேண்டும்.

"ஆளுங்க மூட்டய வெச்சிக்கினு நிக்கறாங்க. நான் எடைய பாப்பனா, மரத்தயே பாத்துக்கினு நிப்பனா? அதான், தட்டறதுக்கு ஒரு ஆளு வெச்சிட்டேன்" என்று எடைக்கல்லைக் காட்டினார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "அது நல்லாத்தான் வேல செய்யுது சாமி. லீவு கேக்கறதில்ல."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் மெனுவில் எதையும் தேர்ந்தெடுக்காமல் வெறும் என்டரைத் தட்டினால், அன்றைய விலையையும் எல்லாக் கிளைச் சரக்கையும் கூட்டிக் காட்டும். முதலாளி அடிக்கடி கேட்கிறாரே, ஒரே தட்டில் வரட்டும் என்று நான் வைத்த வசதி. பட்டனை அமுக்கியே வைத்திருந்தால் திரும்பத் திரும்பத் தட்டுவதாகத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்; அப்படிக் கல் ஓயாமல் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் ஏழெட்டுக் கட்டளை. மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால், தட்டல்கள் எல்லாம் வழியில் தேங்கி நின்று, காற்று தோதாக அடித்ததும் மொத்தமாகக் கீழே போய் விழுந்தன. விழும்போதெல்லாம் பெட்டி மயங்கியது. அவ்வளவும் தீர்ந்த பிறகுதான் தெளிந்தது.

சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. நான் சிரிக்க, ஏன் என்று தெரியாமலே அவர்களும் சிரிக்க, அந்த நேரம் பார்த்துக் கீழே சாலையில் எங்கள் மண்டி வண்டியின் சத்தம் கேட்டது.

டிரைவர் இறங்கி வந்தார். "இன்னா சார், நீங்க இங்க கீறீங்க? தராசு, கம்ப்யூட்டரு எல்லாத்தயும் ஏத்தினு வரச் சொன்னாரு மொதலாளி. சென்டரு மூடறாங்களாமே?"

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். மூட்டை கொண்டுவந்தவர்களில் ஒருவர் தன் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்.

"நில்லுய்யா! எதையும் தொடாத" என்று டிரைவரிடம் கத்தினேன். "அம்மா, அந்தப் போன எறக்கு."

இறக்கினார். முதலாளி எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டினால், சிக்னல் இல்லை. கீழே இருந்தால் எப்படி இருக்கும்? போட்டுவிட்டுத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். டயலைத் தட்டிவிட்டு இரண்டு பேராகக் கயிற்றை இழுத்தோம். போன் உச்சிக்குப் போனதும் மணி அடித்தது. பிறகு பலா மரம் பேசியது.

"யோவ், இன்னாய்யா! வண்டி வந்துச்சா?"

நான் தலையை அண்ணாந்து, கைகளை வாயருகே குவித்துக் கத்தினேன். "மொதலாளி! கண்டுபுடிச்சிட்டேன்! கும்பல் இல்ல! கேமும் இல்ல! கல்லு!"

"இன்னாது?"

"எடைக்கல்லு மொதலாளி! என்டர் மேல எடைக்கல்லு!"

மரம் "நீ வெயில்ல நின்னுக்கினு இருக்கியா?" என்று கேட்டது.

"மொதலாளி, இப்ப அங்க பொட்டி எப்பிடிக் கீது?"

"மயக்கத்துல கீது. மேடைல லாரி நின்னுக்கினு இருக்கான், எங்கம்மாவ இழுக்கறான்."

"இப்ப கல்ல எடுக்கறேன். கொஞ்சம் பொறுத்து ஸ்லிப்பு வருதா பாருங்க."

அந்தப் பெண் அறைக்குள் ஓடி எடைக்கல்லைத் தூக்கினார். நாங்கள் எல்லோரும் மரத்தடியில் அண்ணாந்தபடி நின்றோம். டிரைவரும் நின்றார். வழியில் தேங்கியிருந்த தட்டல்கள் தீர வேண்டுமே. ஒரு பலாப் பிஞ்சு விழுந்திருந்தால் யாராவது ஒருவர் வாயில் நேராகப் போயிருக்கும்.

"வந்துச்சுய்யா!" என்றது மரம். "ஸ்லிப்பு வந்துச்சு! லாரி எறங்கறான்!"

"இப்ப திரும்ப வெக்கறேன்!"

"ஏன்யா வெக்கற? நல்லாத்தான போவுது?"

"நீங்க நம்பணும்ல!"

வைத்தார். காத்திருந்தோம். மரத்திலிருந்து கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. மூட்டைக்காரர்கள் கைகொட்டினார்கள். "நின்னுடுச்சு! எடு, எடு! எடுய்யா கல்ல!"

எடுத்தார். மறுபடி ஸ்லிப் வந்தது. முதலாளிக்கும் ருசி கண்டுவிட்டது போல. "இன்னொரு வாட்டி வெய்யி பாப்போம்" என்றார்.

"வேணாங்க மொதலாளி" என்று அந்தப் பெண் கையில் எடைக்கல்லோடு வாசலில் நின்று குரல் கொடுத்தார். "எனக்கு இங்க எடை போடணும்."

மரம் சிரித்தது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. "சரி, போடு போடு. யோவ் டிரைவரு, அங்க நிக்கறியா? வண்டில கெழங்கு ஏத்தினு வா. வேற எதையும் தொடாத." பிறகு என்னிடம், குரலைத் தணித்துக்கொண்டு, ஆனால் மலைக்கே கேட்கிற மாதிரி: "ஆமா, இதப் போய் கும்பலுன்னு சொன்னியே, உனக்கு எவன்யா கம்ப்யூட்டரு கத்துக்குடுத்தான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, "சமையலுக்கு வெச்சுக்கம்மா" என்றேன்.

உட்கார்ந்து இரண்டு வேலை செய்தேன். வெறும் என்டருக்கு மெனு ஒன்றும் செய்யக்கூடாது என்று மாற்றினேன். யாரும் தட்டாவிட்டாலும், மலைக் கம்ப்யூட்டரே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சர்வருக்கு 'இருக்கிறேன்' என்று ஒரு சின்னச் சேதி அனுப்பும்படி வைத்தேன். அதனால் ஹாட்ஸ்பாட் தூங்காது. அதற்குக் கட்டளை எதுவும் ஓட வேண்டியதில்லை. அந்தப் பெண் அதுவரை எடுத்த எடையைப் பதிவு செய்துவிட்டு, அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார்.

சர்வருக்குள் யாரும் புகவில்லை. எதுவும் திருடு போகவில்லை. மலைப் பெயரில் ஓடிய கட்டளைகள் எல்லாவற்றையும் ஓட்டியது என்டர் பட்டன் மேல் இருந்த இருநூறு கிராம் எடைக்கல். அதை எடுத்த பிறகு பெட்டி மயங்கவில்லை. வெள்ளிமலை மையம் மூடப்படவில்லை. அந்தப் பெண்தான் இப்போதும் அங்கே எடை போடுகிறார்.